பழைய ஆம்னி வேனின் ஹெட்லைட் வெளிச்சத்தைச் சட்டப்படி கூட்டுவது எப்படி?

பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய மாருதி ஆம்னியை இரவில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, டிம்மில் வைத்தால் ரோடு தெரிவதில்லை என்பதுதான். அதற்கு 100/90 வாட் பல்பையோ, வெள்ளையாக எரியும் எல்இடி பல்பையோ வாங்கி மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் தேவையில்லை. வண்டியோடு வந்த எச்4 வகை 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) ஹாலஜன் பல்புக்குச் சேர வேண்டிய மின்சாரம் முழுதாகச் சேர்ந்து, அதன் ஒளியை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரும் தெளிவாக இருந்தால், அந்த வெளிச்சமே போதுமானது.

எச்4 பல்புக்குள் டிம் இழைக்கு அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைப்பதால்தான், எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே வெளிச்சம் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடுகிறது. எல்இடி பல்பில் ஒளி பிறக்கும் இடமும் அதன் வடிவமும் வேறு என்பதால், ஹாலஜனுக்காக வடித்த ரிஃப்ளெக்டரில் அதைப் பொருத்தினால் ஒளி சிதறும். ஓட்டுநருக்குக் கிட்டத்துத் தரை பளிச்சென்று தெரியும், தூரம் தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் கூசும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆம் விதி இப்படிக் கண் கூசும் ஒளியைத் தடை செய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019 திருத்தம் வழி செய்துள்ளது. ஹெட்லைட் கண்ணாடியின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஸ்டிக்கர் ஒளியைக் குறைக்குமே தவிர, சிதறலைத் திருத்தாது.

முதலில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போட்டு, பேட்டரி முனைகளில் ஒருமுறையும், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கம் ஒருமுறையும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, பல்பில் 12-க்குக் கீழே காட்டினால், நோய் வயரிங்கில் இருக்கிறது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தாலே ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே தனியாக அளந்து, அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். பல சமயம் இதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

ஹோல்டரையும் உருவிப் பாருங்கள். பல்பின் முனைகள் நுழையும் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தால், யாரோ முன்பு அதிக வாட் பல்பு போட்டிருக்கலாம். அதை மாற்றியே ஆக வேண்டும். பீங்கான் ஹோல்டர் நல்லது.

அடுத்தது ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய அமைப்பில் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதால்தான் வழியிலேயே குறைகிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை நேராக ரிலேயில் எண்ணிட்டிருக்கும் 30-ஆம் முனைக்குக் கொண்டுவந்து, 87-ஆம் முனையிலிருந்து பல்புகளுக்குக் கொடுங்கள். பழைய சுவிட்சின் வயர் 85, 86 முனைகளில் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். பேட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒவ்வொரு ரிலேக்கும் தனித்தனியே இருக்கட்டும். ஒன்று போனாலும் மற்றொன்று எரியும். இருட்டில் ஒரேயடியாக இரண்டும் அணைவதைவிட ஆபத்தானது வேறில்லை. ஆயத்த ரிலே வயரிங் செட் வாங்குவதற்கு முன், லைட்டைப் போட்டு ஹோல்டரில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் பொதுவான முனையை அளங்கள். அங்கே 12 வோல்ட் காட்டினால், உங்கள் வண்டியில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கிறது. சாதாரண செட் அப்படியே பொருந்தாது. வயரிங்கில் பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது.

ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் துணியால் துடைக்காதீர்கள், இருப்பதும் போய்விடும். புதிய ஹெட்லைட்டையே வாங்குங்கள். வெளிநாட்டுப் பொருளை இணையத்தில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், டிம் ஒளி இடது ஓரமாக மேலேற வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான கண்ணாடியில் அது எதிரே வருபவரின் பக்கமாக மேலேறும். புதிய பல்பைக் கண்ணாடியில் விரல் படாமல், அடிப்பகுதியைப் பிடித்தே மாட்டுங்கள்.

கடைசியாக ஒளியின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். டயர்களில் சரியான காற்று அடித்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போடுங்கள். டிம் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் அமையும்வரை திருகைத் திருப்புங்கள். பின்னால் மூட்டை ஏற்றி ஓட்டும் வேனாக இருந்தால், வழக்கமான சுமையோடு இன்னொருமுறை பாருங்கள்; பின்புறம் தாழ்ந்தால் முன்விளக்கு மேல்நோக்கும். பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கப் போகும் முந்தைய நாளும் இதே சோதனையைச் செய்துவிட்டுப் போங்கள்.