கரன்ட் கட் ஆகும் என்று மெசேஜ் வந்தால்

"பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று ஏதோ ஒரு பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால் அழைக்காதீர்கள். அழைத்தால் பத்து ரூபாய் கட்டச் சொல்லி ஒரு ஆப்பை இறக்க வைப்பார்கள், அது உங்கள் திரையை அப்படியே அவர்களுக்குக் காட்டிவிடும், ஓடிபி உட்பட.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பணம் நகர்வதற்குள் முடக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். அப்புறம் வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்து, வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுடையது அல்ல. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் செய்யும் வரை போனது உங்கள் நஷ்டம்தான், ஆனால் புகாருக்குப் பிறகு போவதற்கு வங்கிதான் பொறுப்பு. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.