தொழிற்சங்க முன்னோடிக்கு ஒரு படப் புத்தகம்: வீட்டிலேயே செய்யலாம்

மே தினத்துக்காகச் சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் செய்தேன். முதல் பிரதி குப்பைக்குப் போனது. இரண்டாவது பிரதி தேறிய விதம் இது.

தேவையானவை: சற்றுத் தடித்த ஏ4 தாள் நான்கு, பென்சில், கறுப்பு மைப் பேனா, கிரேயான், கோணி ஊசி, உறுதியான நூல். வாட்டர் கலர் பக்கமே போகாதீர்கள். தாள் அப்பளம் போல் வளையும்.

1. ஆளைத் தேர்ந்தெடுங்கள்

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலரைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். நான் எடுத்தது செல்வபதி செட்டியாரை. பெரம்பூர் துணி வியாபாரி. பக்கிங்காம், கர்நாடிக் துணி மில் தொழிலாளர்கள் அவரிடம் வந்து குறைகளைக் கொட்டினார்கள். அவரும் ராமானுஜுலு நாயுடுவும் அவற்றை அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், முதலில் காதுகொடுத்த இருவரும் செயலாளர்கள். ஜவுளிக்கடையில் தொடங்கும் கதை சேலத்துக் குழந்தைக்குப் புரியாமல் போகுமா?

2. ஒரே ஒரு குறை போதும்

மில்லில் மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம்தான். அதற்குள் கை கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, தின்று, தறிக்கு ஓட வேண்டும். பள்ளிக்கூட மணிக்குப் பழகிய பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். செட்டியார் பேசியதாக வசனம் மட்டும் புனையாதீர்கள், படம் பேசட்டும்.

3. பக்க எண்: நான் வழுக்கி விழுந்த இடம்

தாள்களை வரிசையாக எடுத்து வரைந்துகொண்டே போனேன். மடித்துத் தைத்துப் பார்த்தால், தொழிலாளர்கள் குறை சொல்வதற்கு முன்பே வாடியா வந்து நிற்கிறார்! வரைவதற்கு முன் நான்கு தாள்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, 1 முதல் 16 வரை பென்சிலால் எண்ணிட்டு, பிறகு பிரியுங்கள். தாளின் ஒரே முகத்தில் இருக்கும் இரு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும்: 16ம் 1ம், 2ம் 15ம். வராவிட்டால் எங்கோ தவறு. தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து விழுபவை 8, 9 மட்டுமே. கூட்டம் கூடும் பெரிய காட்சியை அங்கே வையுங்கள். மற்ற இடங்களில் நடுக்கோட்டில் யாராவது ஒருவருக்கு மூக்கு கோணும்.

4. தைப்பது

மடிப்பில் மூன்று துளை. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளை வழியே உள்ளே, கீழ்த்துளை வழியே வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. உள்ளே ஓடும் நீள நூலை இரு முனைகளுக்கும் நடுவில் வைத்து முடிச்சிடுங்கள். பூக்கட்டும் நூல் நைந்துபோகும். ஸ்டேப்ளர் அடிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பின்னர் சேர்த்தது: "சங்கம்" என்றதும் எங்கள் பிள்ளைகள் பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) வாங்கிச் சேலை கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொண்டார்கள். "மில்" என்றதும் ஒருத்தி மாவு மில்லையே வரைந்துவிட்டாள். எனவே 3ஆம் பக்கத்தில் நூல், தறி, புகைபோக்கி மூன்றையும் வரைந்துவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை, பனிமூட்டத்தில் தாள் நமத்துப்போய் மை பரவுகிறது என்று எழுதியிருந்தார். அங்கே மைப் பேனாவை விட்டுவிட்டுப் பென்சிலையே அழுத்தி வரையுங்கள்.