முனைவர் பட்ட ஆய்வில் கிரவுண்டட் தியரி: களத்திலிருந்து கோட்பாட்டுக்கு

பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967-இல் முன்வைத்த கிரவுண்டட் தியரி முறையில், ஆய்வாளர் கருதுகோளைச் சோதிக்கக் களத்துக்குப் போவதில்லை. களத் தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்குகிறார். ஆகவே நேர்காணல்களையெல்லாம் முடித்த பிறகே பகுப்பாய்வுக்கு உட்காரும் வழக்கம் இதற்கு ஒத்துவராது. முதல் நேர்காணலை எழுத்தாக்கியதுமே குறியிட, அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சுருக்கிச் சொல்லும் பெயரிட, தொடங்க வேண்டும்.

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு மல்லிகை அனுப்பும் விவசாயிகள் கமிஷன் கடைகளோடு எவ்வாறு உறவு பேணுகிறார்கள் என்பது ஆய்வுக் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். "பக்கத்துக் கடையில கூடக் கெடச்சாலும் போக மாட்டேன், மக கல்யாணத்துக்குக் கொடுத்தவுக" என்று ஒருவர் சொன்னால், 'கடன்' என்று குறியிட்டுவிட்டு நகரக் கூடாது. 'கூடுதல் விலையைக் கைவிடுதல்', 'உதவியவருக்குக் கட்டுப்படுதல்' என அவர் செய்வதைக் குறியாக்கினால்தான் அடுத்தவர் பேச்சோடு ஒப்பிட முடியும். முன்பணமே வாங்காத இன்னொருவரும் ஒரே கடையில் நிலைத்திருப்பது தெரியவந்தால், கடன் மட்டுமே காரணம் என்பது அடிபட்டுப்போகிறது. விலை சரியும் நாளிலும் பூவைத் தட்டாமல் எடுத்துக்கொள்ளும் கடை என்ற நம்பிக்கையும் காரணமாக இருக்கலாம். அந்த ஐயத்தை அன்றைக்கே தேதியிட்டு நினைவுக் குறிப்பாக எழுதிவிட வேண்டும். விலையுயர்ந்த மென்பொருளைவிட இந்தக் குறிப்பேடுதான் ஆய்வைக் காப்பாற்றும் என்பது என் எண்ணம்.

அடுத்து யாரைச் சந்திப்பது என்பதையும் அக்குறிப்பே தீர்மானிக்கும். கடை மாறிய விவசாயி, முன்பணம் கொடுத்த கடைக்காரர் என்று கருத்தில் உள்ள இடைவெளியைத் தேடிச் செல்வதே கோட்பாட்டு மாதிரியெடுப்பு. ஒத்த குறிகளைத் திரட்டி உருவாக்கிய வகைமைக்குப் புதிய நேர்காணல்கள் புதிய பண்பு எதையும் சேர்க்காதபோது நிறைவுநிலை வந்துவிட்டதாகக் கொள்ளலாம். ஆய்வுக் குழு "எத்தனை பேர்?" என்று தொடக்கத்திலேயே கேட்கத்தான் செய்யும், உத்தேச எண்ணிக்கையைக் கொடுத்து, இறுதி எண்ணிக்கை நிறைவுநிலையைப் பொறுத்தது என்று ஆய்வுச் சுருக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இம்முறை பின்னர் கிளைத்த கிளேசர் வழி, ஸ்ட்ராஸ் ஜூலியட் கார்பினோடு வகுத்த வழி, ஆய்வாளரும் பங்கேற்பாளரும் சேர்ந்தே பொருளை உருவாக்குகிறார்கள் என்னும் கேத்தி சார்மஸின் கட்டமைப்புவாத (constructivist) வழி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, காரணத்தையும் எழுத வேண்டும். ஆளுக்கொரு துண்டாக எடுத்து ஒட்டினால் வாய்மொழித் தேர்வில் பதில் சொல்வது கடினம். முன்னாய்வுகளைப் படிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது கிளேசரின் நிலைப்பாடு. ஆனால் முனைவர் பட்டப் பதிவுக்கே முன்னாய்வுப் பகுதி கேட்கப்படும் இடத்தில் அது நடவாது. படித்ததை எழுதிவிட்டு, அதிலுள்ள கருத்துகள் தரவில் தாமாக வராதவரை அவற்றைக் குறிகளாக்காமல் இருந்தால் போதும்.