இந்த எண் அந்த எண்ணின் மடங்கா? மீதியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழிகள்

"வெங்காய விலை ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது" என்று சந்தையில் சொன்னால் யாரும் திருத்த மாட்டார்கள். கணக்கு நோட்டில் அது செல்லாது. அங்கே ஒன்றரை மடங்கு, இரண்டேகால் மடங்கு என்ற பேச்சே இல்லை. ஓர் எண்ணை 0, 1, 2, 3 என்று முழு எண்களால் மட்டும் பெருக்கினால் வருபவைதான் அதன் மடங்குகள். 6-இன் மடங்குகள் 0, 6, 12, 18, 24 என்று போகும். 9 என்பது 6-ஐப் போல ஒன்றரைப் பங்குதான், ஆனாலும் 6-இன் மடங்கு ஆகாது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது இந்த வேறுபாட்டை முதலிலேயே பிரித்துவிடுங்கள். பேச்சு வழக்கும் பாடமும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் பின்னால் பின்னமும் விகிதமும் வரும்போது பெரிதாகும்.

புரிய வைக்கப் பலகை தேவையில்லை, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும். 24 கொட்டைகளை எண்ணி, வரிசைக்கு 6 வீதம் அடுக்கச் சொல்லுங்கள். நான்கு வரிசை, கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே 24 என்பது 6-இன் மடங்கு. இன்னும் இரண்டு கொட்டையைப் போட்டு 26 ஆக்கி, மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். நான்கு வரிசை போக இரண்டு தனியாக நிற்கும். 26 மடங்கு அல்ல. இனி வரும் எல்லாமே இந்தத் தனியாக நிற்கும் கொட்டையைப் பற்றியதுதான். அதற்குப் பாடத்தில் பெயர் மீதி. மீதி 0 என்றால் மடங்கு, வேறு எதுவாக இருந்தாலும் மடங்கு இல்லை.

அடுக்கியதைக் கலைப்பதற்கு முன்னால் காரணியையும் அதே வரிசையில் காட்டிவிடலாம். 24 என்பது 6-இன் மடங்கு. 6 என்பது 24-இன் காரணி. உறவு ஒன்றே, பார்க்கும் பக்கம்தான் வேறு. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளைக்கு ஓர் அடையாளம் சொல்லிக்கொடுங்கள்: 24-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று எட்டோடு முடிந்துவிடும். மடங்குகளுக்கோ முடிவே கிடையாது. விடையில் பட்டியல் முடிந்துவிட்டால் அது காரணி. கடைசியில் மூன்று புள்ளி வைக்க வேண்டியிருந்தால் அது மடங்கு.

0 பற்றிக் கேள்வி வரும். எந்த எண்ணையும் 0-ஆல் பெருக்கினால் 0 என்பதால், 0 எல்லா எண்ணுக்கும் மடங்குதான். பள்ளியில் "முதல் ஐந்து மடங்குகளை எழுதுக" என்றால் பெரும்பாலும் அந்த எண்ணிலிருந்தே தொடங்குவார்கள்: 7, 14, 21, 28, 35. அந்த வழக்கப்படியே எழுதட்டும். 0-ஐ விட்டது வசதிக்காக என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

வாய்ப்பாடு நிற்கும் இடத்தில்

பத்தோடு, பழைய வாய்ப்பாட்டுப் புத்தகம் என்றால் பதினாறோடு, வாய்ப்பாடு நின்றுவிடுகிறது. மடங்குகளும் அங்கேயே நின்றுவிடுவதாகப் பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். 91 என்பது 7-இன் மடங்கா என்று கேட்டால் "ஏழாம் வாய்ப்பாட்டில் இல்லையே" என்ற பதில் வரும். 7 × 13 = 91. இதேபோல 51 (3 × 17), 57 (3 × 19), 87 (3 × 29) ஆகியவையும் பார்வைக்கு எதற்கும் வகுபடாத எண்கள் போலத் தெரியும். அதனால்தான் வகுத்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கும் சோதனைகள் தேவைப்படுகின்றன. அவற்றை மனப்பாடமாக மட்டும் கொடுத்தால், எந்தச் சோதனை எந்த எண்ணுக்கு என்பது ஒரு மாதத்தில் கலந்துவிடும். காரணத்தோடு கொடுத்தால் கலக்காது.

2, 5, 10 மூன்றுக்கும் கடைசி இலக்கம் போதும். 10 இவை மூன்றுக்கும் மடங்கு என்பதால் பத்துகள், நூறுகள் எதுவும் மீதி வைக்காது. 4-க்குக் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும், 100 = 4 × 25 என்பதால். 7,316-இல் 16 இருக்கிறது, சரி. 8-க்குக் கடைசி மூன்று இலக்கம், 1000 = 8 × 125. நெட்டாண்டு (லீப் ஆண்டு) கணக்கிலும் இதுதான் நடக்கிறது. ஆண்டு 4-இன் மடங்காக இருக்க வேண்டும்; ஆனால் 100-இன் மடங்காக இருந்தால் 400-இன் மடங்காகவும் இருந்தாக வேண்டும். அதனால் 2000 நெட்டாண்டு, 1900 நெட்டாண்டு இல்லை, 2100-ம் இருக்காது.

3, 9 இரண்டின் சோதனைக்கும் மீண்டும் கொட்டைகளை எடுங்கள். 10 கொட்டையிலிருந்து ஒன்பதை ஒதுக்கினால் 1 மிஞ்சும். 100-இல் 99 போனால் 1. 1000-இல் 999 போனால் 1. அதாவது ஒவ்வொரு பத்தும், ஒவ்வொரு நூறும், ஒவ்வோர் ஆயிரமும் 9-க்கு ஒரே ஒரு கொட்டையைத்தான் மிச்சம் வைக்கும். 4,572-ஐ எடுத்துக்கொண்டால், நான்கு ஆயிரம் 4 கொட்டை, ஐந்து நூறு 5, ஏழு பத்து 7, ஒன்றுகள் 2. மொத்தம் 18. அது 9-இன் மடங்கு, எனவே 4,572-ம் 9-இன் மடங்கு (9 × 508). இலக்கங்களைக் கூட்டுகிறோம் என்று சொல்வது உண்மையில் மீதிகளைக் கூட்டுவதுதான். 9 என்பது 3-இன் மடங்கு ஆனதால் 3-க்கும் இதே வழி பொருந்துகிறது.

காரணம் தெரிந்தால் வழக்கமான தவறு தானாகவே நின்றுவிடும். 25-இன் இலக்கங்களைக் கூட்டி 7 வருகிறது என்று 25-ஐ 7-இன் மடங்காக எழுதுவார்கள். பத்துக் கொட்டையில் ஏழு போனால் மிஞ்சுவது 3, ஒன்று அல்ல. அதனால் இலக்கத்தை அப்படியே கூட்டும் வேலை 7-க்கு நடக்காது.

7-க்கு எது நல்ல வழி? கடைசி இலக்கத்தை இரட்டித்து, மீதமுள்ள எண்ணிலிருந்து கழிக்கும் முறை ஒன்று உண்டு. 1,638 என்றால் 163 − 16 = 147. மறுபடி 14 − 14 = 0. எனவே மடங்கு. பின்னணியில் நாம் கழிப்பது கடைசி இலக்கத்தின் 21 மடங்கு. 21 என்பது 7-இன் மடங்கு ஆனதால் முடிவு கெடுவதில்லை. ஆனால் அன்றாட வேலைக்கு, தெரிந்த மடங்குகளைக் கழித்துக்கொண்டே வருவதுதான் எளிது. 1,638-இல் 1,400 போனால் 238. அதில் 210 போனால் 28. முடிந்தது. இந்த வழி 13, 17, 19 எதற்கும் ஓடும். 7-க்கென்று ஒன்று, 13-க்கென்று ஒன்று என்று தனித்தனிச் சோதனை மனப்பாடம் செய்வது வீண் சுமை.

11-க்கு வலமிருந்து ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கம் கூட்டிக் கழிக்க வேண்டும். 2,728: 8 − 2 + 7 − 2 = 11, மடங்கு. விடை 0 வந்தாலும் மடங்குதான்.

6, 12 போன்ற எண்களை இரண்டாகப் பிரித்துச் சோதிக்கலாம், ஆனால் பிரிப்பதில் கவனம் வேண்டும். 6-க்கு 2, 3. 12-க்கு 3, 4. "2-க்கும் 6-க்கும் வகுபட்டால் 12-க்கும் வகுபடும்" என்று எழுதினால் 18 காலை வாரிவிடும். 2 × 6 = 12 என்பது உண்மைதான்; ஆனால் 6-க்குள்ளேயே ஒரு 2 இருப்பதால் முதல் சோதனை புதிதாக எதையும் சொல்லவில்லை. பிரித்த இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்கக் கூடாது.

12 தாவினால் 12-இன் மடங்கா?

கும்பகோணம் மகாமகம் 1992, 2004, 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல். மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. இரண்டுக்கும் இடைவெளி 12 ஆண்டு. இப்போது ஆண்டு எண்ணையே 12-ஆல் வகுத்துப் பாருங்கள். 2004 = 12 × 167, 2016 = 12 × 168. மகாமக ஆண்டுகள் இங்கே 12-இன் மடங்காகவே அமைந்திருக்கின்றன. குறிஞ்சி ஆண்டான 2006-ஐ வகுத்தால் மீதி 2. 2018-க்கும் மீதி 2தான். சமமாகத் தாவினால் மட்டும் மடங்கு ஆகிவிடாது. தாவல் 0-இலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். வேறு இடத்தில் தொடங்கினால் எல்லா எண்ணிலும் ஒரே மீதி ஒட்டிக்கொண்டே வரும். 5, 12, 19, 26 என்ற தொடரை 7-இன் மடங்குகள் என்று எழுதுவது இந்தத் தவறுதான்.

ஒரு வீச்சுக்குள் எத்தனை மடங்குகள் என்று எண்ணும்போதும் தொடக்கம்தான் காலை வாரும். 98 முதல் 300 வரை 7-இன் மடங்குகள் எத்தனை? 300 − 98 = 202, அதை 7-ஆல் வகுத்து 28 என்று எழுதினால் ஒன்று குறையும். முதல் மடங்கு 98 = 7 × 14. கடைசி மடங்கு 294 = 7 × 42. 14 முதல் 42 வரை எண்ணினால் 42 − 14 + 1 = 29. அந்த 1 ஏன் என்றால், 14-ஐயும் சேர்த்து எண்ண வேண்டும். கழித்தல் இடைவெளியை மட்டும்தான் எண்ணும்.

இரண்டு எண்களின் மடங்குகள் சந்திக்கும் இடம்

இரண்டு பட்டியலிலும் வரும் எண் பொது மடங்கு. 0-ஐ விட்டுவிட்டு அவற்றில் சிறியது மீச்சிறு பொது மடங்கு, சுருக்கமாக மீ.சி.ம. இலங்கைப் பாடத்தில் இதையே பொது மடங்குகளுட் சிறியது, பொ.ம.சி. என்பார்கள்.

காலை 6 மணிக்கு இரண்டு டவுன் பஸ் சேர்ந்து கிளம்புகின்றன. ஒன்று 12 நிமிடத்துக்கு ஒருமுறை, இன்னொன்று 18 நிமிடத்துக்கு ஒருமுறை. மறுபடி எப்போது சேர்ந்து கிளம்பும்? 12 × 18 = 216 நிமிடம், 9.36 மணி என்று எழுதுபவர்கள் இடையில் ஐந்து முறை அவை சேர்ந்து போனதைத் தவறவிடுகிறார்கள். இரண்டு சிறிய எண்ணுக்கு நோட்டில் பெரிய பட்டியல் வேண்டாம். பெரிய எண்ணின் மடங்குகளை வரிசையாகச் சொல்லி, சிறியதால் வகுபடுகிறதா என்று பாருங்கள்: 18 இல்லை, 36 ஆம். 6.36-க்கே சேர்ந்துவிடும்.

தமிழ் ஆண்டுச் சுழற்சியிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. வியாழன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30. 12, 30 இரண்டின் மீ.சி.ம 60. பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள். பெருக்கினால் 360 வந்திருக்கும்.

மூன்று எண்கள் வந்தால் வகுத்தல் முறைதான் கைகொடுக்கும். 12, 18, 20-க்குப் பார்ப்போம். 2-ஆல் வகுத்தால் 6, 9, 10. அடுத்து மறுபடி 2: 6 மூன்றாகும், 10 ஐந்தாகும், 9 வகுபடாது, அப்படியே கீழே இறக்க வேண்டும். இப்போது 3, 9, 5. 3-ஆல் வகுத்தால் 1, 3, 5. இதற்கு மேல் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. இடப்பக்கத்தில் எழுதும் வகுத்த எண்களையும் கடைசி வரியையும் பெருக்குங்கள்: 2 × 2 × 3 × 1 × 3 × 5 = 180.

பெரும்பாலானோர் தவறுவது இரண்டாம் வரியில். "9 வகுபடவில்லையே" என்று அங்கேயே நிறுத்தி 2 × 6 × 9 × 10 = 1,080 என்று முடித்துவிடுவார்கள். மூன்றும் சேர்ந்து வகுபட வேண்டும் என்பது மீப்பெரு பொதுக் காரணிக்கான விதி. மீ.சி.ம-வுக்கு எந்த இரண்டு வகுபட்டாலும் தொடர வேண்டும். 1,080-ம் பொது மடங்குதான், மீச்சிறியது அல்ல. அதனால் விடையை மூன்று எண்ணாலும் வகுத்துச் சரிபார்த்தாலும் இந்தத் தவறு சிக்காது. மீதி 0 என்றே வரும். ஈவுகளைப் பார்க்க வேண்டும். 1,080-க்கு ஈவுகள் 90, 60, 54. மூன்றும் 6-ஆல் வகுபடுகின்றன, ஆகவே விடை 6 மடங்கு பெரிதாக இருக்கிறது. 180-க்கு ஈவுகள் 15, 10, 9. மூன்றுக்கும் சேர்ந்த பொதுக் காரணி 1-ஐத் தவிர வேறில்லை. அப்போதுதான் சரி.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 மாதிரியான தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இதை இரண்டு பக்கமும் ஓட்டிப் பழக வேண்டும். 12, 18, 20 மூன்றாலும் மீதியின்றி வகுபடும் மிகப் பெரிய நான்கிலக்க எண் எது? 9,999-ஐ 180-ஆல் வகுத்தால் ஈவு 55, மீதி 99. மீதியைக் கழித்தால் 9,900. மிகச் சிறிய நான்கிலக்க எண் எது? 1,000-ஐ 180-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 100. அவசரத்தில் இங்கும் மீதியைக் கழித்தால் 900 வந்து மூன்றிலக்கத்துக்கு இறங்கிவிடும். அடுத்த மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்: 180 − 100 = 80. அதைக் கூட்டினால் 1,080.

கைபேசிக் கால்குலேட்டரில் 9,999 ÷ 180 போட்டால் மீதி தெரியாது, 55.55 என்று வரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மீதியாக எடுத்து 55 என்று எழுதிவிடாதீர்கள். புள்ளிக்கு முன்னால் இருக்கும் 55-ஐ மட்டும் எடுத்து 180-ஆல் பெருக்கி, வந்த 9,900-ஐ 9,999-இலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது 99, மீதி அதுதான்.