'உங்கள் முறை' என்று எப்போது, எப்படிச் சொல்வது: ஆடுபுலி ஆட்டத்துக்கு அறிவிப்பு அமைப்போம்

இணையத்தில் நாள்கணக்கில் நீளும் ஆட்டத்தில் ஒரு காயை நகர்த்தப் பத்து நொடி போதும். எதிராளி ஆடிவிட்டார் என்பது தெரியாமலேயே இரண்டு நாள் ஓடிவிடும். பாதியில் நின்றுபோன பல ஆட்டங்களின் கதை இதுதான்.

எங்கள் குடும்பத்துக்காக ஆடுபுலி ஆட்டத்தை பிரவுசரில் ஆடும்படி செய்தேன். 3 புலி, 15 ஆடு. மதுரையில் அத்தை ஆடுகளை வைப்பார், டொரண்டோவில் அவர் பேரன் புலிகளை நகர்த்துவான். ஒவ்வொரு நகர்வுக்கும் 3 நாள் அவகாசம். அதை வைத்தே விளக்குகிறேன். சதுரங்கத்துக்கும் இந்த வழி பொருந்தும்.

படி 1: எப்போது அனுப்புவது

நகர்வை சர்வர் சரிபார்த்து, சேமித்து, முறையை மாற்றிய பிறகுதான் அறிவிப்பு கிளம்ப வேண்டும். அதுவும் உடனே வேண்டாம். ஆடுபுலியில் 15 ஆடுகளும் பலகைக்கு வரும்வரை எந்த ஆடும் நகராது, ஒவ்வொன்றாக வைப்பதுதான் வேலை. இருவரும் பலகை முன் இருந்தால் நகர்வுகள் மளமளவென்று போகும். ஒவ்வொன்றுக்கும் போன் அதிர்ந்தால் அத்தை அறிவிப்பையே அணைத்துவிடுவார். அதனால் பலகை அவர் திரையில் திறந்திருந்தால் அனுப்பாதீர்கள். இல்லையென்றால் 30 நொடி பொறுத்து, இன்னும் அவர் முறைதானா என்று மறுபடி பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

படி 2: என்ன எழுதுவது

வெறும் "உங்கள் முறை!" போதாது. ஒருவர் ஒரே சமயத்தில் ஐந்து ஆட்டம் ஆடலாம். தலைப்பில் எதிராளியின் பெயர், கீழே இப்படி:

"புலி ஓர் ஆட்டை வெட்டியது, 11 மீதம். உங்கள் முறை. வியாழன் இரவு 8 வரை."

இதைப் படித்ததுமே மனம் பலகைக்குப் போய்விடும். போன் நீளமான வரியை வெட்டிவிடும், எனவே முக்கியமானது முதலில் வரட்டும். தொட்டால் அந்தப் பலகையே திறக்க வேண்டும், முகப்புப் பக்கம் அல்ல.

படி 3: அனுமதி கேட்பது

தளத்துக்குள் நுழைந்தவுடன் அனுமதி கேட்காதீர்கள். ஒருமுறை மறுத்துவிட்டால் மறுபடி கேட்க பிரவுசர் விடாது. பயனரே அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும். முதல் நகர்வை வைத்த கையோடு "எதிராளி ஆடியதும் சொல்லட்டுமா?" என்று உங்கள் பட்டனில் கேளுங்கள். 'சரி' என்றால் மட்டும் பிரவுசரின் கேள்வியைக் காட்டுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 16.4 முதல்தான் இணையதள அறிவிப்பு வருகிறது. அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டும். அதற்கான வழியைப் படம் போட்டுக் காட்டுங்கள்.

படி 4: அனுப்புவது

முதலில் வேபிட் (VAPID) எனப்படும் சாவி இணையை உருவாக்கிக்கொள்ளுங்கள். அனுப்புவது உங்கள் சர்வர்தான் என்று காட்டும் அடையாளம் அது. பயனர் சம்மதித்ததும் பிரவுசர் ஒரு முகவரி தரும், அதை சர்வரில் சேமியுங்கள். செய்தியை அங்கே அனுப்பினால், சர்வீஸ் ஒர்க்கர், அதாவது தளம் மூடியிருந்தாலும் பிரவுசரின் பின்னணியில் இயங்கும் உங்கள் சிறு நிரல், அதை வாங்கித் திரையில் காட்டும். இதில் மூன்று விஷயம்:

- அறிவிப்பின் 'டேக்' (tag, அடையாளப் பெயர்) ஆக ஆட்ட எண்ணைக் கொடுங்கள். புதியது வந்தால் பழையதன் இடத்தில் உட்காரும், குவியாது.
- செய்தியின் ஆயுளை நகர்வின் கெடுவோடு முடியுங்கள். அணைந்திருந்த போன் நான்காம் நாள் விழித்து "உங்கள் முறை" என்று சொல்லக் கூடாது.
- அனுப்பியதற்கு 410 என்ற பிழை எண் பதிலாக வந்தால் அந்த முகவரி செத்துவிட்டது. நீக்கிவிட்டு, மின்னஞ்சலுக்கு மாறுங்கள்.

படி 5: தூக்கமும் நினைவூட்டலும்

நான் மிகவும் யோசித்த இடம் இது. டொரண்டோவில் கோடை மாலை 5 மணி என்றால் மதுரையில் அதிகாலை 2:30. பேரன் பள்ளி விட்டு வந்து புலியை நகர்த்துவான். அத்தை அரைத்தூக்கத்தில் அறிவிப்பைத் தள்ளிவிடுவார், காலையில் அது நினைவிலேயே இருக்காது. கெடு தாண்டி, ஜெயிக்கிற ஆட்டத்தை அப்படித்தான் இழந்தார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

இப்போது இரவு 10 முதல் காலை 6 வரை அவருக்கு எதுவும் போகாது. முறை அறிவிப்பு காலை 6 மணிக்குத் தள்ளிப்போகும். ஆனால் கெடு நினைவூட்டலைத் தள்ளக் கூடாது, முன்னே இழுக்க வேண்டும். கெடு அதிகாலை 5 மணி, நினைவூட்டல் 6 மணி நேரம் முன்பு என்றால் அது இரவு 11-இல் விழும். அதை 9 மணிக்கே அனுப்புங்கள். ஒரு நகர்வுக்கு ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

நேரங்களை யுடிசி-யில் (UTC, உலகப் பொது நேரம்) சேமியுங்கள். ஊர் நேரத்தை +5:30 போல எண்ணாக வைக்காமல், Asia/Kolkata போல நேர மண்டலத்தின் பெயராக வையுங்கள். டொரண்டோவில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். எண்ணாக இருந்தால் ஒரு மணி நேரம் பிசகும்.

அப்புறம், சோதனை. இரண்டு போன் எடுத்து, ஒன்றின் நேர மண்டலத்தை டொரண்டோவுக்கு மாற்றி, உங்களோடு நீங்களே ஓர் ஆட்டம் முழுதாக ஆடுங்கள். நடுவில் ஒரு நகர்வை மட்டும் கணினியில் ஆடிவிட்டு, போனில் தங்கிப்போன பழைய அறிவிப்பைத் தொட்டுப் பாருங்கள். பிழைச்செய்தி வரக் கூடாது. பலகை திறந்து, "நீங்கள் ஆடிவிட்டீர்கள், இப்போது எதிராளியின் முறை" என்று காட்ட வேண்டும்.