ஓடாத வண்டியை வைத்து ஒரு பைக் குறும்படம்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தில் கேமராவைத் தொட்டவர்கள் முதலில் எடுப்பது அங்கே வண்டி சாய்ந்து திரும்பும் ஷாட்தான். நானும் 40 நிமிஷத்துக்கு எடுத்தேன். போட்டுப் பார்த்தால் டயர் விளம்பரம்!

அதனால் முதல் படி, ஓட்டுவதை விட்டுவிட்டு ஜோடிப்பதை எடுங்கள். 1963-ல் அமெரிக்க இயக்குநர் கென்னத் ஆங்கர் எடுத்த 'ஸ்கார்பியோ ரைசிங்' 28 நிமிஷப் படம். வசனம் கிடையாது, 13 பாட்டுகள்தான். ஆட்கள் வண்டியைத் துடைப்பதும் லெதர் ஜாக்கெட் மாட்டுவதுமே அதில் பூஜை மாதிரி இருக்கும். நம்மூரில் அந்தத் திமிர் மெக்கானிக் பட்டறையில் கிடைக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் உற்பத்தி நின்றது 1996-ல். இன்று அதன் டேங்கைப் பனியன் துணியால் தேய்க்கிற பையனைவிட வண்டிக்கு வயசு அதிகம். அந்தக் கையை எடுங்கள்.

போனில் நொடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள், எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, மாறாமல் லாக் செய்யுங்கள். பளபளக்கும் டேங்கில் நீங்களே தெரிவீர்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். எதிரே ஒரு தெர்மாகோல் அட்டை பிடித்தால் குரோமில் வெள்ளைக் கோடு விழும்.

அடுத்து சத்தம். பாதிப் படம் இதுதான். சைலன்சருக்குப் பக்கத்தில் போனை நீட்டினால் ஒலி உடைந்துவிடும். ஐந்தடி தள்ளி, மைக் மேல் ஒரு சாக்ஸ் மாட்டிப் பதியுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம், காப்பிரைட் வந்து நிற்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் அனுமதி கேட்டுச் சுத்தியல் தட்டலைப் பதிந்து, செயின் சுற்றும் ஷாட்டின் மேல் போட்டுப் பாருங்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எடிட்டிங்கில் ஆயுத பூஜையை நுழையுங்கள். வீட்டில் யார் பேச்சையும் கேட்காதவன், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை நகர்த்த மாட்டான். ஹெட்லைட்டில் சந்தனம், கண்ணாடியில் தலை சீவல், நசுங்கும் பழம். இவற்றை மாற்றி மாற்றி வெட்டுங்கள். விளக்கம் எழுதிப் போடாதீர்கள்.

மலைக்குக் கடைசியில்தான் போக வேண்டும், ஒரே ஷாட்டுக்கு. ஓடும் வண்டியிலிருந்து எடுக்காதீர்கள், கேமராவுக்காக யாரையும் வேகமாக வரச் சொல்லாதீர்கள். ரோட்டை விட்டு ஒதுங்கி கேமரா ஸ்டாண்டைப் போடுங்கள். பனிமூட்டத்தில் லென்ஸில் துளி கோக்கும், துணி கையிலிருக்கட்டும். முதலில் சத்தம் ஏறி வரும், அப்புறம் மங்கலாக ஒரு ஹெட்லைட். வண்டி முழுசாகத் தெரிவதற்குள் வெட்டிவிடுங்கள்.