விக்டோரிய நாவல் ஆண்கள்: ஆய்வுக் கட்டுரைகள் சறுக்கும் இடங்கள்

விக்டோரியா அரசி காலத்து (1837-1901) ஆங்கில நாவல்களில் ஆண்மை பற்றி எழுத வருகிறவர்கள் வருடம் தவறாமல் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஜேன் ஆஸ்டினை விக்டோரியர் கணக்கில் சேர்ப்பது போன்றவற்றை ஆய்வு வழிகாட்டியே திருத்திவிடுவார். அவற்றை விடுவோம்.

சட்டத்தை விட்டுவிட்டுக் குணத்தை ஆராய்வது

கட்டுரையையே கவிழ்ப்பது இதுதான். ஆன் பிரான்ட்டேயின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' 1848-இல் வெளிவந்தது. கதை நடப்பது 1820களில். ஹெலனின் கணவன் ஹன்டிங்டன் குடிகாரன், பெண்பித்தன். 'இவ்வளவு கொடூரமானவனை அவள் ஏன் விவாகரத்து செய்யவில்லை?' என்று இரண்டு பக்கம் எழுதிவிடுகிறார்கள். எங்கே போய் வாங்குவது? மறுமணம் செய்யும் உரிமையோடு விவாகரத்து வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் நிறைவேற வேண்டிய காலம் அது. 1857-இல் அதற்கென நீதிமன்றம் வந்த பிறகும் கணவன், தன் மனைவியின் கள்ள உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும்.

பிள்ளையோடு கணவனிடமிருந்து தப்பி ஓடிய ஹெலன் படம் வரைந்து விற்ற காசும் சட்டப்படி கணவனுக்கே. மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே விட்டது 1870 சட்டம், சொத்தை விட்டது 1882 சட்டம். பிள்ளையும் அப்பனுக்குத்தான். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டுத் தாய் மனுப்போடும் வழி 1839-இல்தான் திறந்தது. இதெல்லாம் தெரிந்தும் 1882 சட்டத்தை இந்தக் கதைக்கு மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

இனி நாவலில் வரும் குடிக் காட்சியைப் படியுங்கள். ஹன்டிங்டனும் கூட்டாளிகளும் ஹெலனின் சின்னப் பையனுக்கு ஒயின் ஊற்றிக் கொடுக்கிறார்கள், கெட்ட வார்த்தை பழக்குகிறார்கள், அம்மா தடுத்தால் 'போய்த் தொலை' என்று சொல்ல வைக்கிறார்கள். எல்லாம் அவனை ஆம்பளை ஆக்கத்தான். கணவனைத் தடுக்க அவளுக்கு எந்த அதிகாரமும் இல்லை. பிறகு பையனின் ஒயினில் வாந்தி மருந்தைக் கொஞ்சம் கலந்து கொடுத்துத்தான் அந்த ருசியையே வெறுக்க வைக்கிறாள்.

எழுதத் தொடங்குமுன் கதை நடக்கும் வருடம், நூல் வந்த வருடம் இரண்டையும் குறித்து, எதெதற்கு எந்தச் சட்டம் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

உபதேசத்தை வாழ்க்கை என்று நம்புவது

வீடு பெண்ணுக்கு, வெளியுலகம் ஆணுக்கு என்று விமர்சகர் ஜான் ரஸ்கின் 1864-இல் உரையாற்றியது மான்செஸ்டரில். பெண்கள் இல்லாமல் பஞ்சாலை ஓடாத ஊர் அது.

அழுதால் ஆண்மை போச்சு என்பது

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' கொல்லன் ஜோ, தான் வளர்த்த பிப் போகப்போகிறான் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அதற்கு ஈடாகப் பணம் என்று பேசும் வக்கீலிடம் அடுத்த நிமிடமே முஷ்டியை மடக்குகிறான். டிக்கன்ஸுக்கு இரண்டும் ஒரே ஆள்தான். உணர்ச்சியை விழுங்குவது பெருமையானது நூற்றாண்டின் பிற்பகுதியில், பப்ளிக் ஸ்கூல் எனப்படும் மேட்டுக்குடித் தனியார் பள்ளிகளின் விளையாட்டு மோகத்தோடு.

ஜென்டில்மேன் என்றால் பணக்காரன்

இல்லை. எலிசபெத் கேஸ்கலின் 'நார்த் அண்ட் சவுத்' நாவலில் தார்ன்டனிடம் மில்லே இருந்தது. நாயகி மார்கரெட் அவனை ஜென்டில்மேன் வகையில் சேர்க்கவில்லை.

வில்லனை மட்டும் கவனிப்பது

ஹெலனின் கதையைச் சொல்லும் நாயகன் கில்பர்ட், போட்டிக் காதலன் என்று நினைத்து அவள் சகோதரன் மண்டையில் சாட்டையின் உலோகப் பிடியால் அடிக்கிறான். அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.